கை எவ்வளவு திரும்பியிருக்கிறது?
பக்கவாதத்துக்குப் பின் கைத்திறனை நாங்கள் அளக்கும் முறை

பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் ஒருவருக்குக் கைத்திறன் பரிசோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தால், அந்நாள் நெருங்க நெருங்க வீட்டில் தேர்வுக் காலத்துப் பரபரப்பு வந்துவிடுகிறது. முதல்நாள் இரவு கைக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறார்கள். காலையில் புறப்படுமுன் மகனோ மகளோ கோலிக்குண்டுகளைக் கொடுத்து ஒத்திகை பார்க்கிறார்கள். பரிசோதனை முடிந்ததும் எங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை மார்க்?" என்பதே.

அந்தப் பதற்றத்தை நாங்கள் குறை கூறமாட்டோம். ஒரு கை செயலிழந்தால் என்னென்ன நின்றுபோகும் என்பதை அந்தக் குடும்பம் ஒவ்வொரு வேளையும் கண்டுகொண்டிருக்கிறது. ஆயினும் இது தேறுவதற்கோ தோற்பதற்கோ உரிய தேர்வன்று. எந்த அசைவு திரும்பியிருக்கிறது, எது இன்னும் திரும்பவில்லை, வரும் வாரங்களின் பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது என்று எங்களுக்குக் காட்டுவதற்காகவே இதைச் செய்கிறோம். காலையிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வருகிற கை களைத்துவிடுகிறது. களைத்த கை தன் உண்மை நிலையைக் காட்டாது. ஆகவே அன்று காலை கைக்கு ஓய்வு கொடுத்து அழைத்து வாருங்கள்.

மூடுவது முதலில், திறப்பது பிறகு

"கால் நடக்கத் தொடங்கிவிட்டது, கை மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது?" என்று பலர் கேட்கின்றனர். கனடாவின் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற நரம்பியல் அறுவை மருத்துவர், 1930களில் மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, எந்த இடம் எந்த உறுப்பை இயக்குகிறது என்று பதிவு செய்தார். அந்த வரைபடத்தில் கைக்கும் விரல்களுக்கும் உரிய இடம், உடற்பகுதிக்கும் தொடைக்கும் உரிய இடத்தைவிட மிகப் பெரிதாக இருந்தது. ஊன்றி நிற்கக் காலுக்கு மொத்தமான அசைவுகள் போதும். சட்டைப் பொத்தானைப் போட விரல்கள் தனித்தனியாக இயங்க வேண்டும். அந்தத் தனித்தனி இயக்கமே கடைசியில் திரும்புகிறது. சிலருக்கு அது முழுமையாகத் திரும்புவதில்லை.

திரும்பும்போதும் ஓர் ஒழுங்கு உண்டு. தொய்ந்து கிடந்த கையில் முதலில் இறுக்கம் தோன்றும். பிறகு விரல்கள் ஒன்றாக மடங்கும். அதற்கும் பிறகே அவை விரியத் தொடங்கும். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இயன்முறைச் சிகிச்சையாளர் சிக்னே புருன்ஸ்ட்ரோம் இந்த மீட்சியை ஆறு நிலைகளாக வகுத்தார். அவர் வகுத்த நிலைகளைக் கொண்டு பேசுவது இன்றும் எங்கள் வழக்கம். "அப்பா என் கையை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறார் பாருங்கள்!" என்று மகிழ்ச்சியோடு சொல்லும் பிள்ளைகளிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: "சொன்னவுடன் விடுகிறாரா?" பிடித்தது நல்ல அறிகுறி. விரலைத் தானே விரித்து விட்டுவிடுவது அதைவிடப் பெரிய அறிகுறி.

இந்த இடத்தில் பந்து அமுக்கும் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கவாதம் என்றவுடன் உறவினர் எவரேனும் மென்பந்து ஒன்றை வாங்கிவந்து கையில் கொடுத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே மடங்கி இறுகியிருக்கும் கைக்கு மேலும் மடங்கக் கற்றுக்கொடுப்பதால் பெரிய பயன் இருப்பதாக நாங்கள் கருதவில்லை. அத்தகைய கைக்குத் தேவை திறக்கும் பயிற்சி. உங்கள் கை எந்த வகை என்று தெரிந்துகொண்டு பந்தை எடுங்கள். அதுவரை அது குழந்தைகளிடமே இருக்கட்டும்.

விரல் விரிவதற்கு நாங்கள் இத்தனை மதிப்புத் தருவதற்குக் காரணம் இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் இரண்டு அசைவுகளை மட்டும் பார்த்தது: தோளைப் பக்கவாட்டில் சிறிதேனும் உயர்த்த முடிகிறதா, விரல்களைச் சிறிதேனும் நீட்ட முடிகிறதா. இரண்டும் இயன்றவர்களுக்கு, ஆறு மாதத்தில் ஓரளவேனும் கைத்திறன் திரும்பும் வாய்ப்பு 98 விழுக்காடு என்று அவ்வாய்வு கண்டது. இரண்டும் இயலாதவர்களுக்கு அது 25 விழுக்காடு. முதல் மூன்று நாள்களில், நோயாளி படுக்கையில் இருக்கும்போதே, எங்கள் சிகிச்சையாளர் வந்து "விரலை நீட்டுங்கள் ஐயா" என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். விரல் நீளவில்லை என்றால் நம்பிக்கை இழக்க வேண்டுமா? நான்கில் ஒருவருக்குத் திரும்புகிறது என்பதும் அதே கணக்கில் அடங்கியதுதான். ஆனால் வீட்டைச் சீரமைப்பது, வேலைக்கு விடுப்பு எடுப்பது, கடைக்கு ஆள் வைப்பது போன்றவற்றை முடிவு செய்ய வேண்டிய குடும்பத்துக்கு, தொடக்கத்திலேயே ஒரு மதிப்பீடு தெரிந்திருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

மேசைமீது நடப்பது

பரிசோதனை அறையில் நாங்கள் பயன்படுத்தும் முறைகள் பல. இரண்டைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். உங்கள் கோப்பில் அவற்றின் பெயர்களையே அடிக்கடி காண்பீர்கள்.

ஃபூகல்-மேயர் மதிப்பீடு 1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்டது. இதில் பொருள் எதுவும் தூக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அசைவுகளையே பார்க்கிறோம். ஒவ்வோர் அசைவுக்கும் இயலவில்லை என்றால் 0, பாதி இயன்றால் 1, முழுமையாக இயன்றால் 2. தோள் முதல் விரல்நுனி வரை மொத்தம் 66 புள்ளிகள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 66இல் மணிக்கட்டுக்கு 10, கைக்கும் விரல்களுக்கும் 14; ஆக 24 மட்டுமே. எஞ்சியவை தோள், முழங்கை, முன்கை, அசைவின் ஒருங்கிணைப்பு ஆகியவற்றுக்கு உரியவை. எனவே ஒருவரின் புள்ளிகள் 20இலிருந்து 32க்கு உயர்ந்திருந்தாலும் விரல்கள் அப்படியே இருக்கக்கூடும். "எத்தனை?" என்று கேட்பதோடு நிறுத்தாமல் "எந்தப் பகுதியில் கூடியது?" என்றும் எங்களைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நாங்கள் மகிழ்ச்சியோடு நேரம் ஒதுக்குவோம்.

மற்றொன்று, 1981இல் ரொனால்டு லைல் வெளியிட்ட 'ஆக்‌ஷன் ரிசர்ச் ஆர்ம் டெஸ்ட்'. இதில் கை வேலை செய்ய வேண்டும். வெவ்வேறு அளவுள்ள மரக்கட்டைகள், சாணைக்கல், உலோகக் குழாய்கள், போல்ட்டில் மாட்டவேண்டிய வாஷர், கோலிக்குண்டு, சைக்கிள் சக்கரத்தில் இருப்பது போன்ற சிறு பால்ரஸ் குண்டு ஆகியவை இதற்கான பெட்டியில் இருக்கும். ஒரு கிரிக்கெட் பந்தும் உண்டு. முகம் இறுகி உட்கார்ந்திருக்கும் ஆண்கள் பலர் அதை எடுத்து வைத்ததும் சிரித்துவிடுகிறார்கள். ஒரு டம்ளரிலிருந்து மற்றொன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வோம். கையைத் தலைக்குப் பின்னாலும் உச்சியிலும் வாயிலும் வைக்கச் சொல்வோம். மொத்தம் 19 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. ஆக 57 புள்ளிகள். செய்து முடித்தாலும் மிகுந்த நேரம் எடுத்துக்கொண்டாலோ தடுமாறினாலோ 2 மட்டுமே.

இந்தச் சோதனையைப் பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பத்தாருக்குச் சில வேளைகளில் வருத்தம் ஏற்படுகிறது. "இரண்டே பொருளைக் கொடுத்துவிட்டு நிறுத்திவிட்டீர்களே, எல்லாவற்றையும் கொடுத்துப் பார்க்கக் கூடாதா?" என்கிறார்கள். ஒவ்வொரு பிரிவிலும் மிகக் கடினமானதை முதலில் கொடுப்பது இதன் விதி. அதைச் செவ்வனே செய்துவிட்டால் அந்தப் பிரிவின் முழுப் புள்ளிகளும் கிடைத்துவிடும். அது இயலவில்லை என்றால் மிக எளியதைக் கொடுப்போம். அதுவும் சற்றும் இயலவில்லை என்றால் அந்தப் பிரிவு அத்துடன் முடியும். நோயாளியைக் களைப்பிலிருந்தும் அடுத்தடுத்த தோல்விகளிலிருந்தும் காப்பதற்கே இவ்வாறு அமைத்திருக்கிறார்கள்.

அருகில் இருப்பவர்கள் சொல்லிக்கொடுக்காமல் இருப்பது பெரிய உதவி. கை எட்டாதபோது உடம்பையே முன்னால் சாய்த்து எட்டுவதும், தோளைத் தூக்கிக் கையைக் கொண்டுபோவதும் இயல்பான தந்திரங்கள். "சாய்ந்து எடுங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தால் அசைவு மாறிவிடுகிறது. நாங்கள் அறிய விரும்பியது மறைந்துவிடுகிறது. பேச்சும் பாதிக்கப்பட்டவர் என்றால் மட்டும் விதிவிலக்கு. அவருக்கு வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவோம். அவருக்கு எந்தச் சைகை புரியும் என்பதை நீங்கள் முன்னதாகவே எங்களுக்குத் தெரிவிக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தடுப்பு வைத்த பெட்டியில் ஒரு நிமிடத்தில் எத்தனை சிறு கட்டைகளை ஒருபுறமிருந்து மறுபுறம் மாற்றமுடிகிறது என்று எண்ணுவோம். ஒன்பது குச்சிகளை ஒன்பது துளைகளில் செருகி எடுக்க எத்தனை வினாடி ஆகிறது என்று பார்ப்போம். பாதிப்பில்லாத கைக்கு ஏறக்குறைய 20 வினாடி போதும், முதியவர்களுக்குச் சற்றுக் கூடும். டைனமோமீட்டரில் பிடியின் வலிமையை மூன்று முறை எடுத்துச் சராசரி காண்போம். நீங்கள் கையைத் தளர்த்தி வைத்திருக்க, நாங்களே அதை நீட்டியும் மடக்கியும் இறுக்கத்தை 0 முதல் 4 வரை மதிப்பிடுவோம். கடைசியாகச் சொன்னதில் மட்டும் எண் குறைவதே நல்லது!

கண்ணை மூடினால் கை எங்கே?

வலிமை முழுவதும் திரும்பியும் டம்ளர் நழுவி விழுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. பார்த்துக்கொண்டே பிடித்தால் நிற்கிறது. தொலைக்காட்சிப் பக்கம் திரும்பினால் விழுகிறது. அசைவு திரும்பி உணர்வு திரும்பாத கை அது. இதை அறிய நோயாளியின் கண்களை மூடச் சொல்லி, சாவி, நாணயம், தேக்கரண்டி போன்றவற்றைக் கையில் வைத்து என்னவென்று கேட்போம். கட்டைவிரலை மேலோ கீழோ அசைத்து, எந்தப் பக்கம் அசைகிறது என்று கேட்போம். மற்றொரு கையால் அந்தக் கட்டைவிரலைக் கண்டுபிடிக்கச் சொல்வோம். சிலர் காற்றில் தேடுவதைக் காணும்போதுதான் உடனிருப்பவர்களுக்கு விஷயம் விளங்குகிறது.

இந்தச் சோதனையை விளையாட்டாக எண்ணிவிட வேண்டாம். சமையலறைக்குத் திரும்ப விரும்பும் பெண்களுக்கு இது மிக இன்றியமையாதது. சூடு தெரியாத கை கொதிக்கும் பாத்திரத்தின் காதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கொப்புளம் வந்த பிறகே தெரியவரும். உணர்வு குறைவு என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால், குளிக்கும் நீரையும் பாத்திரத்தையும் முதலில் நல்ல கையால் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முடிவதும் செய்வதும்

மேசைமீது கை எதைச் செய்ய முடிகிறது என்பது ஒன்று. வீட்டில் அதே கை எதைச் செய்கிறது என்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் எத்தனை தொலைவு இருக்கக்கூடும் என்பதை எங்கள் பணியில் அன்றாடம் காண்கிறோம். 57க்கு 40 பெற்றவர் வீட்டில் நாள் முழுவதும் அந்தக் கையை மடிமீது வைத்திருப்பார். 25 பெற்ற மற்றொருவர் அதே கையால் காய்கறியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நறுக்குவார், கதவைச் சாத்துவார், பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து நடப்பார்.

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்து உளவியலாளர் எட்வர்டு டவுப் இதைப் பழகிப்போன பயன்படுத்தாமை என்னும் பொருளில் விளக்கினார். முதல் வாரங்களில் முயன்று முயன்று தோற்ற கையை மூளை ஒதுக்கிவிடுகிறது. பிறகு ஆற்றல் திரும்பியும் அந்த ஒதுக்கம் நீங்குவதில்லை. அவருடைய குழுவினர் வகுத்த 'மோட்டார் ஆக்டிவிட்டி லாக்' என்ற கேள்விப் பட்டியலைக் கொண்டு, அன்றாடச் செயல் ஒவ்வொன்றிலும் அந்தக் கை எவ்வளவு பயன்பட்டது, எவ்வளவு நன்றாகப் பயன்பட்டது என்று 0 முதல் 5 வரை கேட்கிறோம். பயன்படுத்தவே இல்லை என்றால் 0. பக்கவாதத்துக்கு முன்பு போலவே என்றால் 5. விளக்குச் சுவிட்சு, கதவுச் சாவி, தலைவாருதல் ஆகியவை அதில் உண்டு. முள்கரண்டியும் சாண்ட்விச்சும்கூட உண்டு. அவற்றை விட்டு எங்கள் உரையாடலில் வாளி தூக்குதல், குழாய் திருகுதல், வேட்டி கட்டுதல், கொசுவம் வைத்தல், பேருந்தில் கம்பியைப் பிடித்தல் ஆகியவற்றைக் கூடுதலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்தப் பகுதியில் உங்கள் சாட்சியம் தேவைப்படுகிறது. "எல்லாத்துக்கும் இந்தக் கையைத்தான் பயன்படுத்துறேன் டாக்டர்" என்பார் கணவர். மனைவி தலையைக் குனிந்துகொள்வார். தனியே கேட்டால், "தண்ணிகூட நான்தாங்க எடுத்துக் குடுக்கிறேன்" என்பார். கணவரைக் காட்டிக்கொடுப்பதாக அவர் எண்ண வேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியத்தால் எங்கள் பயிற்சித் திட்டமே மாறும். அன்பினால் நாம் செய்துகொடுக்கும் ஒவ்வொன்றும் அந்தக் கை செய்திருக்கக்கூடிய ஒன்று. ஒரு பொத்தானுக்கு ஐந்து நிமிடம் ஆகட்டும் என்று அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது, ஓடிப்போய் உதவுவதைவிடக் கடினம் என்பதை நாங்கள் அறிவோம்.

உணவுத் தட்டு

வலக்கை பாதிக்கப்பட்டவர்களிடம் நாங்கள் தவறாமல் பார்ப்பது உணவு உண்பதை. விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று உறுதியான பிறகே இதைச் செய்கிறோம். இதற்கு நாங்கள் புள்ளி போடுவதில்லை. ஆனால் நம் மக்களின் கையைப் பற்றி இது சொல்வதை வேறெதுவும் சொல்வதில்லை என்பது எங்கள் எண்ணம்.

கையால் உண்பது எத்தனை நுட்பமான செயல் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். விரல்நுனிகள் சோற்றைத் திரட்ட வேண்டும். நான்கு விரல்களும் சேர்ந்து சிறு கரண்டியாக வேண்டும். தட்டை நோக்கியிருந்த உள்ளங்கை வாயை நோக்கித் திரும்ப வேண்டும். உதட்டருகே வந்ததும் கட்டைவிரல் பின்னாலிருந்து கவளத்தை உள்ளே தள்ள வேண்டும். இதில் எந்தப் படியில் தடை வருகிறது என்பதே எங்கள் பயிற்சியின் தொடக்கப் புள்ளி. முறுக்குத் துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவது எளிது. இட்லியைப் பிட்டுத் தொட்டுக்கொள்வது அதற்கு அடுத்தது. கெட்டியான தயிர்சாதம் அதற்கும் மேல். ரசம் சோறு கடைசி. "ரசம் சோறு சாப்பிட்டுவிட்டேன்" என்று ஒருவர் வந்து சொன்னால் நாங்கள் அதைக் கோப்பில் எழுதி வைக்கிறோம்.

மறுபுறம், உயர்ந்த புள்ளிகளும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. பூ கட்டி விற்கும் ஓர் அம்மா 57க்கு 55 பெற்றார். எங்கள் கணக்கில் ஏறத்தாழ முழுமை. ஆனால் மல்லிகையை அடுக்கி நாரைச் சுற்றி முடிச்சிடும் வேகம் திரும்பவில்லை. ஒரு முழம் கட்டும் நேரத்தில் முன்பு நான்கு முழம் கட்டியவர். அவருக்கு அடுத்த மாதங்களின் பரிசோதனைப் பொருள் நாரும் பூவுமே ஆயின.

இடக்கைக்கு மாறுவது

மூன்று மாதம் கடந்தும் விரல்கள் சற்றும் விரியவில்லை என்றால், எங்களுக்கு ஒரு கடினமான பேச்சு காத்திருக்கிறது. மீட்சியின் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் நிகழ்கிறது; பிறகும் முன்னேற்றம் உண்டு, ஆனால் மெதுவாக. அந்த நிலையில், வலக்கைப் பயிற்சியைக் கைவிடாமலேயே, உண்பதற்கும் எழுதுவதற்கும் இடக்கையைப் பழக்கச் சொல்கிறோம்.

"இடது கையால சாப்பிடுறதா?" என்று மறுப்பவர்கள் பலர். நோயாளியைவிட அவருடைய தாயோ மனைவியோ அதிகம் கலங்குவதைக் கண்டிருக்கிறோம். பந்தியில் நாலுபேர் பார்ப்பார்களே, கோயிலில் பிரசாதம் எப்படி வாங்குவது என்று கேட்கிறார்கள். அந்தத் தயக்கத்தை நாங்கள் எள்ளி நகையாடுவதில்லை. ஆனால் ஆறு மாதமாகப் பிறர் ஊட்ட உண்ணும் ஒருவருக்கு உணவின்மீதே விருப்பம் குறைந்துபோவதையும் பார்த்திருக்கிறோம். நன்றாகக் கழுவிய இடக்கையோ ஒரு கரண்டியோ, தானே எடுத்து உண்ணும் உரிமையைத் திருப்பிக் கொடுக்குமானால் அதையே தேர்ந்தெடுங்கள் என்பது எங்கள் பரிந்துரை. வலக்கைக்கும் வேலை உண்டு: தட்டு நகராமல் அணைத்துக்கொள்ளவும், தாளை அழுத்திப் பிடிக்கவும், முன்கையில் பையை மாட்டிக்கொள்ளவும் விரல்கள் விரிய வேண்டியதில்லை.

கையெழுத்தைப் பற்றியும் பலர் கவலைப்படுகின்றனர், குறிப்பாக ஓய்வூதியம் பெறுவோர். கையொப்பமிட இயலாத நோயாளிகள் பெருவிரல் ரேகையிட்டுத் தம் கணக்கிலிருந்து பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இடம் தருகிறது. அதற்கு வங்கி அறிந்த சார்பற்ற சாட்சிகள் இருவர் வேண்டும். அவர்களில் ஒருவர் அந்த வங்கியின் பொறுப்புள்ள அலுவலராக இருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் மாதத்திலேயே கிளையில் பேசிவைப்பது நல்லது.

பரிசோதனை நாளன்று

காலை வேளையில் வருவதே சிறப்பு. மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி இருந்தால் மறவாமல் கொண்டுவாருங்கள். கையில் வீக்கம் இருந்தால் மோதிரத்தையும் வளையலையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். இறுகிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தளர்ந்த கைச்சட்டை நல்லது. வீட்டில் அந்தக் கை செய்த ஒன்றிரண்டு வேலைகளைக் கைப்பேசியில் படமெடுத்து வந்தால் எங்களுக்குப் பெரும் உதவி. நன்றாகச் செய்ததை மட்டுமன்றித் தடுமாறியதையும் எடுத்து வாருங்கள். வண்டியிலிருந்து இறக்கும்போது பாதிக்கப்பட்ட கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இடுப்பையும் முதுகையும் தாங்கி இறக்குங்கள். தசை வலுவிழந்த தோள் எளிதில் மூட்டிலிருந்து விலகும்.

குறித்த நாளுக்கு முன்பே தோளில் வலி, கையின் புறத்தில் வீக்கம், விரல்களை நீட்டவே முடியாத அளவு இறுக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அந்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். வெளிநோயாளர் பிரிவில் கோப்பு எண்ணைச் சொல்லி மறுவாழ்வுப் பிரிவுக்கு நேரே வாருங்கள்.